‘தி பேட்மேன்’ படத்தைச் சிலர் கொண்டாடுகிறார்கள், சிலர் தூக்கம் வந்தது என்கிறார்கள். ஏன் இவ்வளவு வேறுபாடு?

என் வீட்டிலேயே இந்த வழக்கு இன்னும் தீரவில்லை. மேட் ரீவ்ஸ் இயக்கி 2022இல் வந்த அந்தப் படத்தை நானும் என் தம்பியும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில்தான் பார்த்தோம். முடிந்து எழுந்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. அவனோ, “மூன்று மணி நேரம் மழையையும் இருட்டையும் பார்க்கவா வந்தோம், அக்கா?” என்று கோபப்பட்டான். (முடிவு வரை பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.)

அவன் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. படம் 176 நிமிடம். இதை எதார்த்தமான படம் என்கிறார்கள். 2008இல் வந்த, கிறிஸ்டோபர் நோலன் இயக்கிய பேட்மேன் படமான ‘தி டார்க் நைட்’டையும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் அதில் பேட்மேன் முகமூடிக்குப் பின்னால் இருக்கும் புரூஸ் வெய்ன் பகலில் கோட்டு சூட்டுடன் சிரித்துப் பேசும் பணக்காரர். பார்ப்பவருக்கு அவ்வப்போது மூச்சுவிட இடம் கிடைக்கும். ராபர்ட் பாட்டின்சனின் புரூஸுக்குப் பகல் வாழ்க்கையே கிடையாது. முகமூடி அணியத் தொடங்கி இரண்டாவது ஆண்டு. நெற்றியில் விழும் முடி, தூங்காத கண், இரவு நடந்ததை எழுதிவைக்கும் ஒரு நாட்குறிப்பு, அவ்வளவுதான். சாகச வீரனைப் பார்க்க வந்தவருக்கு இப்படி ஒரு மனிதனைக் காட்டினால் ஏமாற்றம் வரத்தான் செய்யும்.

நான் அந்தப் படத்தின் பக்கம் சாய்ந்தது தொடக்கத்தில் வரும் ரயில் நிலையக் காட்சியில். முகத்தில் வெள்ளைச் சாயம் பூசிய கும்பல் ஒன்று தனியாக வந்த ஒருவரை வளைத்துக்கொள்கிறது. இருட்டிலிருந்து முதலில் பூட்ஸ் சத்தம் மட்டும் வருகிறது. அவசரமில்லாத, கனமான சத்தம். பிறகு பேட்மேன் வருகிறான். நீ யார் என்று கேட்டவனைக் கீழே தள்ளி, அவன் விழுந்த பிறகும் அடித்துக்கொண்டே இருக்கிறான். ‘நான்தான் பழிவாங்கல்’ என்கிறான். கும்பல் ஓடிவிடுகிறது. காப்பாற்றப்பட்டவர் தரையில் கிடந்தபடியே, தன்னை ஒன்றும் செய்துவிட வேண்டாம் என்று அவனிடமே கெஞ்சுகிறார்!

காப்பாற்ற வந்தவனைக் கண்டு காப்பாற்றப்பட்டவரே நடுங்குகிறார். படம் முழுக்க இந்த ஒரு காட்சிக்குப் பதில் தேடுகிறது என்றே நான் நினைக்கிறேன். இருட்டை அழகுக்காகப் பூசியிருக்கிறார்கள் என்று சொல்பவர்களோடு நான் உடன்படாததும் இதனால்தான். ஒளிப்பதிவாளர் கிரேக் ஃபிரேசரின் குழு டிஜிட்டலில் எடுத்த காட்சிகளை ஃபிலிமில் பதித்து, அதை மறுபடியும் ஸ்கேன் செய்தது. அந்தக் கருமைக்குள் ஒரு சொரசொரப்பு இருக்கிறது. விளக்கெரியும் அறையில் சின்னத் திரையில் பார்த்தால் அதில் பாதி காணாமல் போய்விடும். இருட்டில் ஒன்றுமே தெரியவில்லை என்பவர்களில் பலர் அப்படிப் பார்த்தவர்களாக இருக்கலாம்.

எதார்த்தம் என்பதை நான் உணர்ந்தது இன்னோர் இடத்தில். போலீசிடமிருந்து தப்பிக்க பேட்மேன் மாடி விளிம்பில் நிற்கிறான். கீழே பார்க்கிறான், ஒரு கணம் தயங்குகிறான். பயம்! குதித்த பிறகும் பாராசூட் பாலத்தில் சிக்கி, தெருவில் உருண்டு விழுந்து, நொண்டிக்கொண்டே போகிறான்.

தம்பியிடம் நான் தோற்ற இடமும் உண்டு. பெரிய மனிதர்களின் பொய்களை ஒவ்வொன்றாக அம்பலப்படுத்திக் கொல்லும் ரிட்லர், கடைசியில் கடல் தடுப்புச் சுவர்களைத் தகர்த்து ஊரையே மூழ்கடிக்கிறான். தன்னைப் போல் கைவிடப்பட்டவர்களும்தானே அதில் சாவார்கள்? அதுவரை நூல் பிடித்தாற்போல் போன துப்பறியும் கதை அங்கே சட்டென்று வழக்கமான பேரழிவுப் படமாக மாறுகிறது. ரிட்லராக வரும் பால் டேனோவின் நடிப்பு எவ்வளவு தாங்கினாலும் அந்தத் தாவல் எனக்கு ஒப்பவில்லை.

ஆனால் அந்த வெள்ளம்தான் முடிவையும் கொண்டுவருகிறது. ரிட்லரின் ஆள் ஒருவனைப் பிடித்து நீ யார் என்று கேட்கிறார்கள். ‘நான்தான் பழிவாங்கல்’ என்கிறான் அவனும். தன் சொல் அடுத்தவன் வாயிலிருந்து வருவதைக் கேட்டு பேட்மேன் அப்படியே நின்றுவிடுகிறான். பிறகு தண்ணீரில் குதித்து, சிவப்புத் தீப்பந்தம் ஒன்றைக் கொளுத்திப் பிடித்து, சிக்கிக்கொண்டவர்களிடம் கையை நீட்டுகிறான். எல்லோரும் தயங்க, கொலையுண்ட மேயரின் மகன்தான் முதலில் அந்தக் கையைப் பற்றுகிறான். விடிந்ததும், காயம்பட்ட ஒரு பெண்ணை மேலே தூக்கி அனுப்புவதற்காக ஸ்ட்ரெச்சரில் கிடத்துகிறான். அவள் அவன் கையை விட மறுக்கிறாள்.

படம் பிடிக்காதவர்களிடம் 176 நிமிடத்தை மறுபடியும் கேட்க மாட்டேன். ரயில் நிலையக் காட்சியையும் இந்தக் கடைசிப் பகுதியையும் மட்டும் அடுத்தடுத்துப் பாருங்கள், விளக்கை அணைத்துவிட்டு. தம்பியிடமும் இதைத்தான் கேட்டிருக்கிறேன்.