தமிழ் வழியில் படித்தவர்கள் அறிவியல் ஆங்கிலச் சொற்களின் உச்சரிப்பையும் பொருளையும் எப்படிக் கற்பது?

நீங்கள் கல்லூரியில் முதலாண்டு சேர்ந்திருப்பீர்கள், வகுப்பில் வாய் திறக்கப் பயந்துபோய் இதைக் கேட்கிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். நானும் அப்படி இருந்தவன்தான்.

எனக்கு ஊர் மணவாளக்குறிச்சிக்குப் பக்கம். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி. பிறகு வெளியூரில் நிலவியல் பட்டப்படிப்பு. முதல் கருத்தரங்கில் ஒரு பாறையின் பெயரை (gneiss) ‘க்னீஸ்’ என்று வாசித்தேன். பேராசிரியர் நிறுத்தி, “இன்னொரு முறை சொல்” என்றார். சொன்னேன். மூன்றாம் முறையும் சொல்லவைத்தார். வகுப்பே சிரித்தது. அந்தப் பருவம் முடியும்வரை நான் ஒரு சந்தேகம்கூடக் கேட்கவில்லை.

அது ஜெர்மனிலிருந்து வந்த சொல். ஜெர்மானியர்கள் இன்றும் முதலெழுத்தை ஒலித்து ‘க்னைஸ்’ என்றே சொல்கிறார்கள். பின்னாளில் இது தெரிந்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தப்பை நியாயப்படுத்துகிறான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஆங்கிலத்தில் அது ‘நைஸ்’தான், மாணவன் கற்கத்தான் வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்க அரை நிமிடம் போதுமே என்பதுதான் என் ஆதங்கம்.

அந்த அரை நிமிடத்தைக் கொடுத்தவர் ஆய்வகத்தில் இருந்த ஓர் அக்கா. கல்லை என் கையில் வைத்து, வெள்ளையும் கறுப்புமாக ஓடிய வரிகளை நகத்தால் தொட்டுக் காட்டி, “இது நைஸ், தம்பி. கத்திக்கு ஆங்கிலத்தில் knife என்று எழுதினாலும் முதலெழுத்து ஒலிக்காதல்லவா, அதேபோலத்தான்” என்றார். இன்றுவரை மறக்கவில்லை.

அன்றே ஒரு நோட்டுப் போட்டேன். இணைய அகராதியில் ஒலியைக் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி, அழுத்தம் விழும் அசையின் அடியில் கோடு போடுவேன். தமிழில் அழுத்தம் இடம் மாறினாலும் பொருள் கெடாது. ஆங்கிலத்தில் மாறினால் கேட்பவருக்குச் சொல்லே பிடிபடாது. ‘ஜியாலஜி’யில் அழுத்தம் ‘யா’வில் இருக்கும். ‘ஜியலாஜிக்கல்’ ஆனதும் ‘லா’வுக்கு நகர்ந்துவிடும். ‘இக்’, ‘இக்கல்’ என்று முடியும் சொற்களில் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையில்தான் அழுத்தம். இந்த ஒன்றைப் பிடித்தாலே பாதி பயம் போய்விடும்.

பொருளைப் பற்றி நீங்கள் கவலைப்படவே வேண்டாம். மெட்டமார்ஃபிக் என்ற சொல்லில் ‘மெட்டா’ மாற்றத்தையும் ‘மார்ஃப்’ உருவத்தையும் குறிக்கும் கிரேக்க வேர்கள். நம் பள்ளிப் புத்தகத்தில் உருமாறிய பாறை என்று படித்தோமே, அதேதான். இக்னியஸ் என்பதில் இருப்பது தீயைக் குறிக்கும் லத்தீன் சொல், நமக்குத் தீப்பாறை. பொருளைத் தமிழ் முன்பே கொடுத்துவிட்டது, நமக்கு இல்லாதது ஒலி மட்டுமே.

உச்சரிப்பு என்றதும் இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. விடுதியில் “நீ மலையாளியா?” என்று கேட்காதவர்களே இல்லை. திருவிதாங்கூரிலிருந்து பிரியப் போராடி, 1954-இல் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைக் கொடுத்து, 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டம் எங்களுடையது. வாழைப்பழத்தை ‘வாளப்பளம்’ என்பவர்கள் எங்கள் தமிழைப் பழித்ததை என்னால் இன்னும் பொறுக்க முடியவில்லை.

விடுமுறையில் ஊருக்கு வந்தபோது, கயிறு திரித்தே வாழ்ந்த என் பாட்டாவிடம் நோட்டைக் காட்டினேன். 1909-இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானியர் எங்கள் கடற்கரை மணலில் கிடக்கும் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுகொண்டதே திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் என்றேன். தனித்திருப்பது என்ற பொருளுள்ள கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர் என்றும் சொன்னேன். பாட்டா கடற்கரையில் கருமணலை ஒரு கை அள்ளி, விரலால் கிளறிப் பார்த்தார்.

“தனித்திருப்பதா? இதில் எல்லாம் ஒன்றாகத்தானே கிடக்கிறது, மக்களே!”

பாறைக்குள் அதன் படிகங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக இருக்கும் என்று, வீடு திரும்பியதும் கூடத்தில் இருட்டும்வரை அவருக்குப் படம் வரைந்து காட்டினேன்.