பழைய கார் வாங்கி விற்கலாமா? பேர் மாற்றாமல் விற்கலாமா?

கேள்வி: நானும் நண்பரும் 5 லட்சம் ரூபாய் போட்டு, பழைய கார்களை வாங்கி, சின்னச் சின்ன வேலை பார்த்து விற்கலாம் என்று இருக்கிறோம். "உங்கள் பேருக்கு மாற்றினால் ஓனர் எண்ணிக்கை கூடி விலை இறங்கிவிடும். பேர் மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் பழைய ஓனர் கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், வாங்குகிறவர் பேரை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்" என்கிறார் ஒரு புரோக்கர். செய்யலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: வேண்டாம். ஊரெல்லாம் நடக்கிற வழக்கம்தான், ஆனால் இந்தத் தொழிலில் வரும் வம்புகளில் பெரும்பாலானவை இந்த வெற்றுப் படிவத்திலிருந்துதான் தொடங்குகின்றன. சட்டத்தின் கண்ணில் ஆர்சியில் யார் பேர் இருக்கிறதோ அவர்தான் ஓனர். 2007-இல் விற்ற ஒரு கார், சிலர் கை மாறி, 2009-இல் விபத்தில் சிக்கியது. பேர் மாற்றப்படாததால் பழைய ஓனரே நஷ்ட ஈடு தர வேண்டும் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனிதரை அந்த நிலையில் நிறுத்துவது நியாயமில்லை. உங்களுக்கும் பாதுகாப்பில்லை. வண்டி உங்கள் வாசலில் நிற்கும்போது அவர் மனம் மாறினாலோ இறந்துபோனாலோ, உங்கள் பணத்துக்குப் பிடிமானம் என்ன?

ஓனர் எண்ணிக்கை கூடாமல் விற்க நேர்வழியே இருக்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி விற்பவர்கள் அங்கீகாரம் பெற்ற டீலராகப் பதிவு செய்துகொள்ளலாம். விண்ணப்பப் படிவம் 29ஏ, சான்றிதழ் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். ஓனர் உங்களிடம் வண்டியை ஒப்படைத்ததை 29சி படிவத்தில் தெரிவித்துவிட்டால், அதை விற்கும்வரை நீங்களே ஓனராகக் கருதப்படுவீர்கள். பேர் மாற்றம், என்ஓசி (தடையில்லாச் சான்று) போன்றவற்றுக்கு நீங்களே விண்ணப்பிக்கலாம். பொறுப்பும் உங்களுடையதுதான். தொழில் செய்ய நினைப்பவர் முதலில் போக வேண்டிய இடம் ஆர்டிஓ அலுவலகம்.

அடுத்து கணக்கு. 3 லட்சத்துக்கு வாங்கி, 25,000 ரூபாய்க்கு டிங்கரிங், டயர் வேலை பார்த்து, 3,60,000-க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜிஎஸ்டி பதிவு இருந்தால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வித்தியாசத்துக்கு 18% வரி. வேலைக்குச் செலவழித்ததை இதில் கழிக்க முடியாது. ஆக 60,000-க்கு வரி 10,800. வேலைச் செலவும் போனால் கையில் 24,200. இதிலிருந்துதான் புரோக்கர் கமிஷன், பேர் மாற்றக் கட்டணம், வண்டி நிற்கும் நாட்களின் வட்டி எல்லாம். 5 லட்சம் முதலீட்டில் ஒரு வண்டி இரண்டு மாதம் விற்காமல் நின்றாலே திணறிவிடுவீர்கள். கடன் வாங்கி இறங்காதீர்கள். ஒரு பரிவர்த்தனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கவும் கூடாது, வாங்கிய தொகை முழுக்க அபராதமாகப் போகும்.

லாபம் பெரும்பாலும் வாங்கும் இடத்திலேயே முடிவாகிறது. அரசின் பரிவாகன் இணையதளத்தில் கடன் பாக்கி, அபராதம், எஃப்சி (தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் எல்லாம் பாருங்கள். சேஸிஸ் எண்ணை ஆர்சியோடு ஒப்பிடுங்கள். டெல்லியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கே மலிவாகக் கிடைக்கும். ஆனால் என்ஓசி, இங்கே மறுபதிவு, சாலை வரி என்று சேர்த்துப் பார்த்தால் அந்த மலிவு காணாமல் போகும். சென்னையில் 2015, 2023 டிசம்பர் வெள்ளங்களில் மூழ்கிய வண்டிகள் ஏராளம். சீட் பெல்ட்டை முழுக்க இழுத்துப் பாருங்கள், ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் சீட்டுக்கு அடியிலுள்ள கம்பிகளிலும் சேறோ துருவோ இருந்தால் நகர்ந்துவிடுங்கள்.

இன்னொன்று. மறுவிற்பனைக்காக வாங்குகிறவர் நுகர்வோர் சட்டப்படி நுகர்வோர் அல்ல. ஏமாந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. ஆனால் சொந்த உபயோகத்துக்கு உங்களிடம் வாங்கும் குடும்பம் உங்கள்மேல் அங்கே வழக்குப் போடலாம். மீட்டரைக் குறைத்தோ, விபத்தை மறைத்தோ விற்காதீர்கள். தெரிந்த குறையை ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: காரை ஒரு கன்சல்டன்டிடம் (பழைய கார் வாங்கி விற்பவர்) விற்று எட்டு மாதம் ஆகிறது. இன்னும் என் பேருக்கே அபராத மெசேஜ் வருகிறது. (வாசகி, மதுரை)

பதில்: தாமதிக்காதீர்கள். விற்ற 14 நாளுக்குள் நீங்கள் ஆர்டிஓவுக்குத் தெரிவித்திருக்க வேண்டும், வாங்கியவருக்குப் பேர் மாற்ற விண்ணப்பிக்க 30 நாள் கெடு. தாமதமானாலும் இப்போதே எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்து, ஒப்புகை வாங்குங்கள். கன்சல்டன்டுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை என்றால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். தேதி, நேரம், வாங்கியவர் கையெழுத்துடன் டெலிவரி நோட் இருந்தால் பெரிய பலம்.

கேள்வி: வாங்கிய காருக்குப் பழைய ஓனரின் இன்சூரன்ஸ் இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. அதுவே போதுமா? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பாதி போதும். மூன்றாம் நபர் காப்பீடு வண்டியோடு வந்துவிடும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு வராது. 14 நாளுக்குள் விண்ணப்பித்து உங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்காகப் பிரீமியத்தில் தரும் தள்ளுபடி) பழைய ஓனருக்கே சொந்தம் என்பதால் அந்த வித்தியாசத் தொகையைக் கட்டச் சொல்வார்கள். கட்டிவிடுங்கள்.