அந்தக் குரல் எங்கே போனது? – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். சிங்கப்பூர் யீஷூனிலிருந்து எழுதுகிறேன். உங்கள் தளத்தைப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. கோபத்தில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வாரயிறுதியில் என் வீட்டில் ஆறேழு பேர் கூடி கிரிக்கெட் பார்ப்போம். தமிழ் வர்ணனைதான். எங்களுக்கு ஆட்டம் பாதி என்றால் (பெயர் நீக்கப்பட்டுள்ளது) அவர்களின் குரல் மீதி. எல்லோரும் கத்தும் இடத்தில் அவர் கத்த மாட்டார். விக்கெட் விழுந்தால் இரண்டு விநாடி ஒன்றுமே பேச மாட்டார். மைதானத்தின் சத்தம் மட்டும் வரும். அப்புறம்தான் பேசுவார். அந்த இரண்டு விநாடிக்காகவே என் அப்பா எங்களோடு உட்காருவார்.

போன வாரம் திடீரென்று அவர் இல்லை. அதற்கு முந்தின ஆட்டம்வரை இருந்தார். "இனி எங்களுடன் இல்லை, அவர் பங்களிப்புக்கு நன்றி" என்று நிறுவனம் ஒரே வரியில் முடித்துவிட்டது. அவரும் இரண்டு கை கூப்பிய படத்தைப் போட்டதோடு சரி. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அன்று ராத்திரி மட்டும் இருநூறு செய்திகளுக்கு மேல். சம்பளத் தகராறு என்கிறார் ஒருவர். பெரிய ஆட்டக்காரர் ஒருவரைக் குறை சொன்னதால் என்கிறார் இன்னொருவர். (மூன்று வரிகள் நீக்கப்பட்டுள்ளன.) நெருப்பில்லாமல் புகையுமா ஐயா?

எங்கள் காசில் ஓடும் சேனல். காரணத்தைத் தெரிந்துகொள்ள ரசிகர்களுக்கு உரிமை இல்லையா? சிங்கப்பூரில் ஒருவரை இப்படி ஒரு வார்த்தை சொல்லாமல் அனுப்பிவிட முடியுமா? மனு ஒன்று தயார் செய்திருக்கிறோம், இணைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடுவீர்களா? சந்தாவையும் ரத்து செய்யலாம் என்றிருக்கிறோம்.

அன்புடன்,
செ., யீஷூன்

அன்புள்ள செ.,

பெயரையும் அந்த மூன்று வரிகளையும் வெட்டியது நான்தான். ஏன் என்று போகப்போகச் சொல்கிறேன். எனக்கும் அவர் குரல் பிடிக்கும். அந்த இரண்டு விநாடியை நீங்கள் கவனித்தது எனக்கு ரொம்பப் பிடித்தது. பேசுவதற்குச் சம்பளம் வாங்குகிற ஒருவர் பேசாமல் இருக்கத் தைரியம் வேண்டும்.

முதலில் சட்டத்தை முடித்துவிடுவோம். அவர் வேலை பார்த்தது இந்தியாவில், அங்கே கதை வேறு. நீங்கள் கேட்டது நம்மூரைப் பற்றி. முடியும். பணிநீக்கம் குறித்து இங்கே 2019-ல் அரசு, முதலாளிகள், தொழிற்சங்கம் என்று மூன்று தரப்பும் சேர்ந்து எழுதிய முத்தரப்பு வழிகாட்டிக் குறிப்புகள் வந்தன. ஒப்பந்தப்படி முன்னறிவிப்புக் கொடுத்து, காரணமே சொல்லாமல் ஒருவரை நிறுத்தினால், அது தவறான பணிநீக்கம் அல்ல என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள். பாகுபாடு காட்டினார்கள், சேர வேண்டிய சலுகையைப் பறிக்கத்தான் நிறுத்தினார்கள் என்று ஊழியர் காட்ட முடிந்தால் நிலைமை மாறும். அதற்கும் வேலையின் கடைசி நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முறையிட வேண்டும். முதலில் சமரசப் பேச்சு, அது சரிவராவிட்டால் நடுவர் மன்றம்.

வேடிக்கை இதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. நிறுவனம் ஒரு காரணத்தைச் சொல்லி, அது பொய் என்று நிரூபணமானால், அது தவறான பணிநீக்கம். ஆக, வாயை மூடிக்கொண்டவருக்கு நிழல், வாயைத் திறந்தவருக்கு வெயில். எந்த மனிதவளத் துறை வெயிலில் போய் நிற்கும்? அந்த ஒரு வரி அறிக்கையை எழுதியவர் கல்நெஞ்சக்காரர் என்று நினைக்காதீர்கள். பக்கத்தில் ஒரு வழக்கறிஞர் உட்கார்ந்திருந்திருப்பார். அதோடு வர்ணனையாளர்களில் பலர் ஊழியர்களே இல்லை. சீசனுக்கு ஒரு ஒப்பந்தம். அடுத்த ஒப்பந்தம் வரவில்லை என்றால் "நீக்கம்" என்ற சொல்லே காகிதத்தில் இருக்காது.

உரிமை பற்றிக் கேட்டீர்கள். சந்தா கட்டுவதால் ஒருவருடைய வேலைக் கோப்பைப் பிரித்துப் பார்க்கும் உரிமை நமக்கு வந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. கேட்கலாம். கேட்கவும் வேண்டும். பதில் வராதபோது நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் எனக்கு உங்களோடு வழக்கு.

கிரிக்கெட் வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளேவை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் அப்பாவுக்கு நன்றாகத் தெரிந்த முகம். ஈஎஸ்பிஎன் ஸ்டார் ஸ்போர்ட்ஸின் தலைமையகம் சிங்கப்பூரில் இருந்த காலத்தில் அவர் இங்கேயுள்ள ஸ்டூடியோவில் உட்கார்ந்து பேசியதைத்தான் இந்தியாவே பார்த்தது. (அந்த நிறுவனம் பிறகு ஃபாக்ஸ் ஸ்போர்ட்ஸ் ஆகி, 2021 அக்டோபரில் இந்த வட்டாரத்தில் மூடப்பட்டும் விட்டது.) 2016 ஏப்ரலில் ஐபிஎல் தொடங்கும் நேரத்தில் அவர் வர்ணனைக் குழுவில் இல்லை. ஏன் என்று யாரும் தன்னிடம் சொல்லவில்லை என்று அவரே ஃபேஸ்புக்கில் எழுதினார். உடனே ஊரே காரணம் கண்டுபிடித்தது. அதற்கு முந்தின மாதம் பெங்களூரில் பங்களாதேஷை இந்தியா ஒரே ரன்னில் வென்றிருந்தது. அதையொட்டி, இந்திய வர்ணனையாளர் நம் ஆட்டக்காரர்களைப் பற்றி அதிகம் பேசலாமே என்ற பொருளில் அமிதாப் பச்சன் ஒரு ட்வீட் போட, தோனி அதை ஆமோதித்தார். போதாதா? வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த கதைதான். உண்மைக் காரணம் அதுதானா என்று கிரிக்கெட் வாரியம் சொல்லவில்லை. ஹர்ஷா பிறகு திரும்பி வந்துவிட்டார். ஆனால் இன்றைக்கும் யாரையாவது கேளுங்கள், பச்சன் ட்வீட்டால் போனவர் என்றுதான் சொல்வார்கள், பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி.

கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். 2020 மார்ச்சில் சஞ்சய் மஞ்ச்ரேக்கரை வாரியத்தின் வர்ணனைக் குழுவிலிருந்து எடுத்தார்கள். அப்போதும் காரணம் சொல்லவில்லை. நம் ஆட்கள் மனு போட்டோமா? இல்லை, கைதட்டினோம். அதற்கு முந்தின ஆண்டு உலகக் கோப்பையின்போது ஜடேஜாவை அவர் துண்டு துக்கடா ஆட்டக்காரர் என்கிற மாதிரி சொன்னதை மறக்கவில்லை. அரையிறுதியில் ஜடேஜா 77 அடித்து அதற்குப் பதிலும் சொல்லியாகிவிட்டது. ஆனாலும் ஆள் போன செய்தி வந்ததும் சென்னை சூப்பர் கிங்ஸின் ட்விட்டர் பக்கமே அந்தத் 'துண்டு துக்கடா'வை வைத்துக் கிண்டலடித்தது. நானும் சிரித்தேன், மறைப்பானேன். அந்த ஆளுக்குக் காரணம் சொன்னார்களா என்று எனக்கு ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2023 மார்ச்சில் பிபிசி தன் கால்பந்து நிகழ்ச்சித் தொகுப்பாளர் கேரி லினேக்கரை ஒதுங்கி இருக்கச் சொன்னதே, அங்கே காரணம் எல்லோருக்கும் தெரியும். அகதிகள் விஷயத்தில் பிரிட்டன் அரசு பேசும் மொழியை விமர்சித்து அவர் போட்ட ட்வீட். அது சரியா தப்பா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட முடிந்தது. கூட வேலை பார்த்த இயன் ரைட்டும் ஆலன் ஷியரரும் நாங்களும் வர மாட்டோம் என்றார்கள். அந்தச் சனிக்கிழமை தொகுப்பாளரும் இல்லாமல் வர்ணனையும் இல்லாமல் நிகழ்ச்சி இருபது நிமிடத்தில் முடிந்தது. ஒரு வாரத்தில் மனிதர் திரும்பி வந்தார். காரணம் வெளியே இருந்தால் அதோடு மல்லுக்கட்டலாம். இல்லாதபோது நம் கைகள் தேடிப்போய் ஆளைத்தான் பிடிக்கின்றன.

நமக்கும் பேஸ்பாலுக்கும் காத தூரம். இருந்தாலும் மெல் ஆலன் கதையைச் சொல்லாமல் விட முடியவில்லை. நியூயார்க் யாங்கீஸ் அணியின் குரல் என்றே அவருக்குப் பெயர். 1939-ல் சேர்ந்தவர். 1964-ல் யாங்கீஸ் இறுதித் தொடருக்குப் போகிறது, மைக்கில் மெல் ஆலன் இல்லை. அந்த சீசனோடு அனுப்பிவிட்டார்கள். காரணம்? அணி வாயைத் திறக்கவே இல்லை. அப்புறம் ஊர் பேசியது. குடி என்றது, மாத்திரை என்றது, மனநிலை சரியில்லை என்றது. பேசியவர்கள் அவருடைய எதிரிகள் இல்லை. கால் நூற்றாண்டு அவர் குரலைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான், 'பாவம், என்ன ஆச்சோ' என்ற அக்கறையில் பேசியவர்கள். 1977-ல் ஒரு வாராந்தர நிகழ்ச்சி மூலம் நாடு முழுவதும் மறுபடி அவர் குரல் கேட்டது. மறு ஆண்டு பேஸ்பால் வர்ணனைக்கான பெரிய விருதையும் கொடுத்தார்கள், முதல் தடவை கொடுக்கப்பட்டபோதே. நடுவில் பதின்மூன்று வருடம்.

உங்கள் மூன்று வரிகளை ஏன் வெட்டினேன் என்று இப்போது சொல்லிவிடுகிறேன். சொந்தக் கதை, கொஞ்சம் பழையது.

ஒரு பத்திரிகையில் (பெயர் வேண்டாம்) நான் வாராவாரம் கால்பந்து பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். இரண்டு வருடம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை மின்னஞ்சல் வந்தது. அடுத்த வாரத்திலிருந்து உங்கள் பகுதி இடம்பெறாது, இதுவரை எழுதியதற்கு நன்றி. போன் போட்டுக் கேட்டேன். "மேலே எடுத்த முடிவு அண்ணே, எனக்கே தெரியாது" என்றார் உதவி ஆசிரியர். உண்மையிலேயே அவருக்குத் தெரியாது என்றுதான் இன்றும் நம்புகிறேன். சரி, போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மூன்றாவது வாரமோ நான்காவது வாரமோ, அம்மா தேக்கா சந்தைக்குப் போயிருந்தார். வழக்கமாக மீன் வாங்கும் கடைக்காரர் என் பகுதியைத் தவறாமல் படிப்பவர். மீன் சுற்றித் தருகிற காகிதத்தில் என் படம் வந்தால் அந்தத் தாளை மட்டும் தனியாக எடுத்து வைப்பாராம். அன்று செதிலைச் சுரண்டிக்கொண்டே கேட்டிருக்கிறார்.

"அக்கா, தம்பி எழுதுறதே இல்லையே. உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லாத்தான் இருக்கான்."

கத்தியை வைத்துவிட்டு, ஈரக்கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாராம். "இல்லக்கா, ஏதோ காசு விஷயம்னு பேசிக்கிட்டாங்க. நான் நம்பல. தம்பி அப்படிப்பட்ட ஆளா?" சொல்லிவிட்டு ஒரு மீன் தலையைச் சும்மா சேர்த்துப் போட்டிருக்கிறார்.

அம்மா வீட்டுக்கு வந்து பையைச் சிங்க்கில் கவிழ்த்தார். கையைக்கூடக் கழுவவில்லை. என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டார்: "எவ்வளவுடா எடுத்தே?"

மீன் தலைக் குழம்பு அன்றைக்கு நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் தொண்டையில் இறங்கவில்லை. அந்தப் பத்திரிகை மேல் வந்த கோபம் ஒரு மாதத்தில் போய்விட்டது. மீன்கடைக்காரர் மேல் கோபப்படவே முடியவில்லை. அவர் என் பக்கம் பேசியவர். "நான் நம்பல" என்று சொல்லிச் சொல்லியே எத்தனை பேரிடம் அந்தச் செய்தியைக் கொண்டுபோயிருப்பார் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

நெருப்பில்லாமல் புகையுமா என்று கேட்டீர்கள். புகையும் செ. இருநூறு பேர் சேர்ந்து ஊதினால் புகையும். உங்கள் வர்ணனையாளருக்கு ஒரு வீடு இருக்கும், அவர் வீட்டுக்கும் யாராவது சந்தைக்குப் போவார்கள். அவர் பேசாமல் இருப்பதையும் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் படிக்காதீர்கள். வெளியே பேசக்கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி இருக்கலாம், அடுத்த வேலை தேடிக்கொண்டிருக்கலாம், பேசப் பிடிக்காமலும் இருக்கலாம். பாருங்கள், நானும் ஊகிக்க ஆரம்பித்துவிட்டேன்.

மனுவைப் படித்தேன். முதல் பத்தி நன்றாக இருக்கிறது, உங்கள் அப்பாவைப் பற்றி எழுதிய இடம் அதைவிட நன்றாக இருக்கிறது. நான்காவது பத்தியை எடுத்துவிடுங்கள். "இதுவா காரணம், அதுவா காரணம்" என்று கேள்விக்குறி போட்டு எழுதினால் வதந்தி கேள்வியாகிவிடாது. அதை எடுத்துவிட்டு அனுப்புங்கள், கையெழுத்துப் போடுகிறேன். "அவர் திரும்ப வேண்டும், இல்லாவிட்டால் அவரே வந்து எங்களிடம் விடைபெற ஒரு ஆட்டம் கொடுங்கள்" என்று கடைசியில் ஒரு வரி சேர்க்க முடியுமா? காரணத்தைக் கேட்டால் வழக்கறிஞரிடம் போகும். இதற்கு வழக்கறிஞர் தேவையில்லை.

சந்தாவை ரத்து செய்வது உங்கள் இஷ்டம். அதற்கு முன் எத்தனை மாத ஒப்பந்தம் என்று ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். என் மச்சான் ஒருவர் இப்படித்தான் ரோஷத்தில் நடுவிலேயே நிறுத்திவிட்டு, மீதி மாதங்களுக்கு அபராதமும் கட்டி, ஆட்டம் பார்க்க என் வீட்டு சோபாவுக்கு வந்து சேர்ந்தார். இன்னும் போகவில்லை.

போன ஞாயிறு அவரோடு உட்கார்ந்துதான் நானும் பார்த்தேன். புதிதாக வந்திருப்பவர் மேல் எனக்குக் குறை ஒன்றும் இல்லை, சின்னப் பையன், விஷயம் தெரிந்தவன். நடுஸ்டம்ப் பறந்தபோது மூச்சுவிடாமல் பேசினான். நான் ரிமோட்டை எடுத்து ஒலியை நிறுத்தினேன். "என்னத்தான், என்னாச்சு?" என்றார் மச்சான். இரண்டு விநாடி கழித்து மறுபடி வைத்தேன்.

அன்புடன்.