மோன் பிளான் சுற்று: முதலில் படுக்கை, அப்புறம்தான் விமான டிக்கெட்

கேள்வி: நானும் மனைவியும் அடுத்த ஜூலையில் ஆல்ப்ஸில் இருக்கும் மோன் பிளான் மலையைச் சுற்றி, குடில் குடிலாகத் தங்கி நடக்கலாம் என்று இருக்கிறோம். சென்னையிலிருந்து கிளம்புகிறோம். வழிகாட்டி இல்லாமல் 10 இரவுத் தங்கல், பையைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது, வரைபடம் எல்லாம் சேர்த்து ஒரு நிறுவனம் ஆளுக்கு 1,750 யூரோ கேட்கிறது, 30 சதவீதம் உடனே கட்டவேண்டுமாம். நாங்களே பதிவு செய்தால் எவ்வளவு மிச்சமாகும்? விமான டிக்கெட் இப்போது மலிவாக இருக்கிறது, அதை முதலில் வாங்கிவிடலாமா?

பதில்: டிக்கெட்டை வாங்காதீர்கள். முதலில் படுக்கை. இந்தப் பாதை சுமார் 170 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 10,000 மீட்டர் அளவுக்கு வரும், பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து மூன்றையும் தொட்டு வருகிறது. பத்து இரவும் ஒன்றோடு ஒன்று கோர்த்தவை. நடுவில் ஓர் இரவுக்கு இடம் கிடைக்காவிட்டால் இரண்டு நாள் நடையை ஒரே நாளில் முடிக்கவேண்டி வரும், அது மலையில் சாதாரண விஷயமில்லை. பெரும்பாலான குடில்கள் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் வரைதான் திறந்திருக்கும். பல குடில்களில் அடுத்த கோடைக்கான பதிவு முந்தைய ஆண்டின் இலையுதிர் காலத்திலேயே தொடங்கிவிடுகிறது, ஜூலை, ஆகஸ்ட் படுக்கைகள் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

விலைக்கு வருவோம். குடிலில் டார்மிட்டரி படுக்கை, இரவுச் சாப்பாடு, காலை உணவு மூன்றும் சேர்த்து பிரான்சிலும் இத்தாலியிலும் சுமார் 60 முதல் 80 யூரோ, சுவிஸ் பக்கம் கூடுதல். நீங்களே செய்தால் பத்து இரவுக்கு ஆளுக்கு 700 முதல் 900 யூரோவுக்குள் முடிக்கலாம். மீதி முழுவதும் நிறுவனத்தின் லாபம் என்று சொல்லமாட்டேன், கிராமத்து ஓட்டலில் தனி அறை, பை வண்டி எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அந்தப் பையைப் பற்றித்தான் நீங்கள் துருவிக் கேட்கவேண்டும். வண்டி போகும் இடத்துக்குத்தான் பை வரும். பொனாத்தி, குருவா து பொன்ஹோம் போன்ற உயரத்துக் குடில்களுக்கு சாலை கிடையாது, அங்கே தங்கும் இரவுக்கானதை நீங்களே சுமக்கவேண்டும். சில திட்டங்களில் இதைத் தவிர்க்க எல்லா இரவையும் கிராம ஓட்டலில் போட்டுவிடுகிறார்கள். அப்படியானால் இந்தப் பயணத்தின் நல்ல பாதி போய்விடும் என்பேன். சாயங்காலம் வாசலில் ஷூவைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, குடிலின் செருப்பை மாட்டிக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களோடு நீள மேசையில் உட்கார்ந்து ஒரே பாத்திரத்திலிருந்து சூப் எடுத்துக் குடிப்பதும், பொனாத்தி வாசலில் நின்றால் எதிரே கிராந்த் ஜொராஸ் சிகரங்களின் பாறைச் சுவர் முழுசாகத் தெரிவதும் கீழே ஓட்டலில் கிடைக்காது. பணம் கட்டும் முன் ஒவ்வொரு இரவும் எந்தக் குடில், தனி அறையா டார்மிட்டரியா, அங்கே பை வருமா என்று எழுத்தில் வாங்குங்கள். "அல்லது அதற்கு இணையான தங்குமிடம்" என்ற வரி இருந்தால், எவ்வளவு தூரத்துக்குள் என்று கேளுங்கள்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதே இல்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பேக்கேஜ் பயண விதிகளின்படி, நிறுவனம் திவாலானால் நீங்கள் கட்டிய பணத்துக்குப் பாதுகாப்பு உண்டு, விலையை 8 சதவீதத்துக்கு மேல் ஏற்றினால் அபராதமின்றி விலகலாம். ஆனால் பேக்கேஜ் என்று ஆக இரண்டு வகைச் சேவையாவது சேர்ந்திருக்கவேண்டும். பத்துக் குடிலைப் பதிவு செய்து தருவது மட்டும் வேலை என்றால் அது தங்கல் என்ற ஒரே வகைதான். அதனால் ஒப்பந்தத்துக்கு முன் தரவேண்டிய தகவல் படிவத்தைக் கேளுங்கள், இது பேக்கேஜ் என்றும் திவாலானால் பணத்துக்கு யார் பொறுப்பு என்றும் அதில் இருக்கும். பிரெஞ்சு நிறுவனமாக இருந்தால் ஐ, எம் என்ற எழுத்துகளில் தொடங்கும் பதிவு எண்ணையும் பாருங்கள். இந்த இரண்டையும் தராதவர்களுக்கு 30 சதவீதம் அனுப்பவேண்டாம். ஆன்லைனில் வாங்கினால் 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாமே என்று சிலர் நம்புகிறார்கள். குறிப்பிட்ட தேதிக்கான தங்கலுக்கு அந்த உரிமை பொருந்தாது.

விசா: இந்த மூன்று நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதத்துக்கும் முன்னதாகக் கொடுக்க முடியாது. படுக்கை அதற்கு முன்பே பதிவாகியிருக்கும், ஆகவே ஒவ்வொரு குடிலும் எந்தத் தேதி வரை அட்வான்சைத் திருப்பித் தரும் என்று ஒரே தாளில் எழுதி வையுங்கள். ஜெனீவாவில் இறங்கினாலும் அதிக இரவு எந்த நாட்டிலோ அந்த நாட்டின் விசாவுக்குத்தான் விண்ணப்பிக்கவேண்டும், இந்தச் சுற்றில் பெரும்பாலும் பிரான்ஸ். விசா கைக்கு வரும் வரை பணம் திரும்பாத டிக்கெட் வேண்டாம்.

கேள்வி: எல்லாம் கிடைத்துவிட்டது, இத்தாலிய ஊரான கூர்மயூருக்கு அடுத்த இரவுக்கு பொனாத்தியில் மட்டும் இடமில்லை. திட்டத்தையே கைவிடுவதா?

பதில்: வேண்டாம். கூர்மயூரிலேயே இரண்டாவது இரவும் தங்கிவிடுங்கள். கோடையில் அங்கிருந்து ஃபெரே பள்ளத்தாக்கின் ஆர்னூவா வரை பஸ் ஓடுகிறது. காலையில் அதில் போய் இறங்கி, நேராக 2,537 மீட்டர் உயர கிராந்த் கோல் ஃபெரே கணவாயை ஏறி சுவிஸ் பக்கம் லா ஃபூலி கிராமத்துக்கு இறங்கலாம். அதற்கு முந்தின நாள் பை இல்லாமல் பொனாத்தி வரை நடந்து, அங்கே சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் அந்தப் பாதையையும் விடவில்லை. லா ஃபூலியிலிருந்து பாதையின் அடுத்த ஊரான ஷாம்பேக்கும் ஓர்சியேரில் மாறிப் பஸ்ஸில் போகலாம், மழை நாளுக்கு நல்ல வழி. அப்புறம், தேதியை நகர்த்த முடிந்தால் வாரநடுவில் கிளம்புங்கள், ஆகஸ்ட் கடைசி வாரத்தைத் தவிருங்கள், அப்போது மலையடிவாரத்துப் பிரெஞ்சு ஊரான ஷமோனியில் பெரிய மலையோட்டப் போட்டி நடக்கிறது.

யாராவது ரத்து செய்து இடம் திறக்கலாம் என்பதால் குடிலுக்கு போன் போட்டும் கேளுங்கள். நீங்கள் பதிவு செய்த இடத்துக்குப் போக முடியாவிட்டாலும் கட்டாயம் போன் செய்யவேண்டும். அங்கே எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துத்தான் சமைக்கிறார்கள், சாமானே சில குடில்களுக்கு ஹெலிகாப்டரில் வருகிறது. இருட்டியும் வராத ஆளைப் பற்றிக் கவலைப்படவும் அவர்களுக்குக் காரணம் உண்டு.

கேள்வி: ஜெர்மனியில் வேலை பார்க்கிறேன், ஐரோப்பிய மருத்துவ அட்டை இருக்கிறது. தனியாக இன்ஷூரன்ஸ் தேவையா?

பதில்: தேவை. அந்த அட்டை அரசு மருத்துவத்துக்கு, உங்களை மலையிலிருந்து இறக்கிக் கொண்டுவரும் செலவுக்கு அதை நம்பவேண்டாம். பிரான்சில் மலை மீட்பு பொதுவாக இலவசம், ஆனால் கணவாயைத் தாண்டி சுவிட்சர்லாந்துக்குள் கால் சறுக்கினால் ஹெலிகாப்டர் பில் உங்கள் பெயருக்கு வரும். ஜெர்மன் அல்லது ஆஸ்திரிய ஆல்பைன் சங்கத்தில் (மலையேறுபவர்களின் சங்கம்) உறுப்பினராகுங்கள், ஆண்டுச் சந்தாவிலேயே 25,000 யூரோ வரை மீட்புச் செலவுக் காப்பீடு அடக்கம், சங்கக் குடில்களில் படுக்கைக் கட்டணமும் குறையும். இந்தச் சுற்றில் தனியார் குடில்கள் நிறைய, அதனால் அந்தத் தள்ளுபடியைப் பெரிதாக எண்ணவேண்டாம். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோ காப்பீடு எடுப்பவர்களுக்கும் இதையே சொல்வேன்: பாலிசியில் மலை மீட்பு என்ற சொல் இருக்கிறதா, எத்தனை மீட்டர் உயரம் வரை என்று இருக்கிறதா, இரண்டையும் பாருங்கள். இந்தப் பாதையில் மாற்று வழிகளில் போனாலும் 2,665 மீட்டருக்கு மேல் ஏறவேண்டியதில்லை. 112 மூன்று நாடுகளிலும் வேலை செய்யும்.

கேள்வி: ஸ்லீப்பிங் பேக், பெரிய பை, பனியில் வழுக்காமலிருக்க ஷூவில் மாட்டும் பனி ஆணிகள் என்று கடையில் நீளமான பட்டியல் தருகிறார்கள். எதை வாங்குவது? நாங்கள் சைவம், சாப்பாட்டுக்கு என்ன செய்வது?

பதில்: ஸ்லீப்பிங் பேக் வேண்டாம், குடிலில் போர்வை இருக்கும். உள்ளே விரித்துக்கொள்ளும் துணி உறைதான் கட்டாயம், பட்டில் வாங்கினால் மடித்துக் கையில் பிடிக்கும் அளவுதான். 35 லிட்டர் பை போதும். பனி ஆணி ஜூன் மாதம் போனால் யோசிக்கலாம், ஜூலை கடைசியில் வழக்கமாகத் தேவைப்படாது. பணத்தை ஷூவில் போடுங்கள். சாயங்காலம், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில், நடக்கும்போது போடும் சாக்ஸோடு போட்டுப் பாருங்கள், இறக்கத்தில் விரல் முன்னால் இடிக்கக்கூடாது. கடையில் சாய்வுப் பலகை இருந்தால் அதில் இறங்கிப் பார்த்துவிட்டே வாங்கவேண்டும், பயணத்துக்கு ஒரு மாதம் முன்பாவது தினமும் போட்டு நடக்கவேண்டும்.

சைவம் என்பதைப் பதிவு செய்யும்போதே எழுதுங்கள், முட்டையும் பாலும் சரியா என்றும் சேர்த்து. வந்து நின்று சொன்னால் பாலாடைக்கட்டியும் ரொட்டியும்தான் மிஞ்சும். இத்தாலியப் பக்கம் பொலென்டா என்ற மக்காச்சோளக் களி கிடைக்கும், சூடாக இருக்கும், நம் நாக்குக்கு உப்பு உறைப்பு குறைவு, ஒரு சின்ன டப்பாவில் பருப்புப் பொடி வைத்துக்கொள்ளுங்கள். மதியப் பொட்டலம் வேண்டுமென்றால் முந்தின இரவே சொல்லவேண்டும். சில குடில்களில் கார்டு வேலை செய்யாது, யூரோ ரொக்கம் வையுங்கள், சுவிஸ் பகுதிக்குக் கொஞ்சம் ஃபிராங்கும்.