வேலூரின் தெருக்களையும் கட்டடங்களையும் பற்றி உள்ளூர்க்காரர்களே அதிகம் அறியாத செய்திகள் எவை?

வேலூர் என்றதும் வெளியூர் நண்பர்கள் உடனே சொல்லும் பழைய வசனம் ஒன்று உண்டு: "தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்." சலவன்பேட்டையில் பிறந்து, படிப்பும் பிழைப்பும் இந்த ஊரிலேயே அமைந்தவன் என்ற முறையில், உங்கள் கேள்விக்கு விடை எழுத உட்கார்ந்தபோது இந்த வசனத்தின் பிற்பாதியைத்தான் முதலில் திருத்த வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஆற்றைப் பற்றியும் மலையைப் பற்றியும் நான் வாதாட வரவில்லை. ஆனால் ராஜா இல்லாத கோட்டை என்பது வரலாற்றோடு ஒட்டாத பேச்சு. இந்தக் கோட்டையில் ராஜாக்கள் இருந்தார்கள். அவர்களில் சிலர் விருப்பப்பட்டு இருக்கவில்லை என்பதுதான் இதன் தனிக்கதை.

பதினாறாம் நூற்றாண்டில் விஜயநகரப் பேரரசுக்குக் கட்டுப்பட்ட சின்ன பொம்மி நாயக்கர் காலத்தில் எழுந்த கோட்டை இது. பரப்பு 133 ஏக்கர். பேரரசு சரிந்து சுருங்கிய பிறகு, இரண்டாம் வேங்கடபதி ராயர் தம் தலைநகரை இங்கே மாற்றிக்கொண்டார். அதாவது, ஹம்பியில் தொடங்கிய ஓர் அரசின் அரியணை சில காலம் நம்முடைய ஊரில் இருந்தது. 1614இல் அவர் மறைந்ததும், அவருக்கு அடுத்துப் பட்டமேற்ற இரண்டாம் ஸ்ரீரங்கரைக் குடும்பத்தோடு இந்தக் கோட்டைக்குள்ளேயே சிறைவைத்து, ஜக்கராயர் என்ற பிரபுவின் ஆட்கள் கொன்றுவிட்டார்கள். அரச குடும்பத்தில் ராமதேவன் என்ற சிறுவன் மட்டும் தப்பினான். சலவைத் தொழிலாளி ஒருவர் அவனைத் துணி மூட்டைக்குள் ஒளித்து வெளியே கொண்டுவந்தார் என்று சொல்லப்படுகிறது. அந்தச் சிறுவன் பின்னர் அரசனானான். இவ்வளவும் நடந்த இடத்தைச் சுற்றி மாலையில் நடைப்பயிற்சி செய்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும் என்று நான் பல நாள் எண்ணியதுண்டு.

1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்த பிறகு, திப்பு சுல்தானின் பிள்ளைகளையும் குடும்பத்தாரையும் ஆங்கிலேயர் இங்கே கொண்டுவந்து காவலில் வைத்தனர். 1806 ஜூலை 9 அன்று திப்புவின் மகள் ஒருவருக்குக் கோட்டையில் திருமணம் நடந்தது. மறுநாள் விடிவதற்குள், கோட்டையிலிருந்த ஆங்கிலேயப் படையின் இந்தியச் சிப்பாய்கள் வெள்ளையர்மேல் துப்பாக்கியைத் திருப்பினார்கள். நெற்றியில் குறி இடக்கூடாது, தாடி வைக்கக்கூடாது, தோல் சின்னம் வைத்த புதிய தொப்பியை அணிய வேண்டும் என்ற ஆணைகள்தான் உடனடிக் காரணம். கோட்டையில் திப்புவின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு விரைந்து வந்த கர்னல் கில்லெஸ்பி அன்றைய பகலுக்குள்ளேயே கிளர்ச்சியை அடக்கிவிட்டார். பிடிபட்ட சிப்பாய்கள் பலர் விசாரணை ஏதுமின்றிச் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். பிறகு திப்புவின் மகன்களைக் கல்கத்தாவுக்கு அனுப்பிவிட்டார்கள். மக்கான் சந்திப்பில் நிற்கும் நினைவுத்தூண் இந்த நிகழ்ச்சிக்காகத்தான் எழுப்பப்பட்டது. 1857க்கு 51 ஆண்டுகள் முந்தியது இது என்பதை நம் பிள்ளைகளுக்கு இன்னும் அழுத்தமாகச் சொல்லித்தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திப்புவின் பிள்ளைகள் போனதும் கோட்டை காலியாகிவிடவில்லை. 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமானதும், இலங்கையின் கடைசி மன்னரான ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கரை அடுத்த ஆண்டு இங்கே கொண்டுவந்தார்கள். நாயக்கர் வழிவந்தவரும் கண்ணுசாமி என்ற இயற்பெயர் கொண்டவருமான அவர், 1832இல் இறக்கும்வரை இந்த மதில்களுக்குள்ளேயே வாழ்ந்தார். கோட்டைக்குள் ஹைதர் மகால், திப்பு மகால் என்று சொல்லும்போது, கண்டி மகால் என்று ஒன்றும் இருப்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். அவருடைய சமாதி பாலாற்றங்கரையில் இருக்கிறது; அதன்மேல் தமிழக அரசு 1990இல் முத்து மண்டபம் எழுப்பியது. இலங்கையிலிருந்து வருகிறவர்கள் தேடிக் கண்டுபிடித்துச் செல்லும் அந்த மண்டபத்துக்கு உள்ளூரிலிருந்து போகிறவர்கள் மிகக் குறைவு. இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு.

கோட்டையைச் சிறையாகப் பயன்படுத்தும் வழக்கம் வெள்ளையரோடும் முடிந்துவிடவில்லை. திப்பு மகாலில் இயங்கிய சிறப்பு முகாமில் அடைக்கப்பட்டிருந்த விடுதலைப்புலிகள் நாற்பதுக்கும் மேற்பட்டோர், 1995 ஆகஸ்டில் சுரங்கம் தோண்டித் தப்பிச் சென்றார்கள். நடுவயதைத் தாண்டிய வேலூர்க்காரர் யாரைக் கேட்டாலும் அந்த வாரத்தின் சோதனைச் சாவடிகளைப் பற்றிச் சொல்வார்கள்.

அடுத்து, சாமி இல்லாத கோயில். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் கோயில் பூசை இன்றிப் பல நூற்றாண்டுகள் கிடந்ததும், ஒரு கட்டத்தில் ஆயுதக் கிடங்காகப் பயன்பட்டதும் உண்மைதான். ஆனால் 1981 மார்ச் 16 அன்று, சத்துவாச்சாரியில் வைத்திருந்த லிங்கத்தை மக்கள் கொண்டுவந்து கருவறையில் அமர்த்தினார்கள். அன்றோடு அந்த வசனம் காலாவதியாகிவிட்டது. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இக்கோயிலில் இன்று நாள்தோறும் பூசை நடக்கிறது. உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் உள்ள கல்யாண மண்டபத்தில் சற்று நேரம் நில்லுங்கள். முன்கால் தூக்கிய குதிரைகள்மேல் வீரர்கள், அவற்றின் காலடியில் வேட்டைக்காரர்கள், யாளிகள் என்று ஒவ்வொரு தூணிலும் சிற்பிகள் கல்லை நூல்போலக் கடைந்திருக்கிறார்கள். ஒரே தலை ஒருபுறம் காளைக்கும் மறுபுறம் யானைக்கும் பொருந்தும்படி செதுக்கிய சிற்பமும் இருக்கிறது. ஒரு பாதியைக் கையால் மறைத்துப் பார்த்தால்தான் அதன் நுட்பம் புரியும். இந்த மண்டபத்தைப் பெயர்த்து இங்கிலாந்துக்குக் கொண்டுபோக எண்ணியதாகவும், ஏற்றிச்செல்ல வந்த கப்பல் கவிழ்ந்துவிட்டதாகவும் பெரியவர்கள் கதை சொல்வார்கள்.

தெருக்களுக்கு வருகிறேன். அண்ணா சாலை என்று பலகை சொன்னாலும், ஆட்டோக்காரரிடம் ஆபீசர்ஸ் லைன் என்றால்தான் சட்டென்று விளங்கும். பட்டாளத்து அதிகாரிகள் இருந்த காலம் அந்தப் பெயரில் தங்கிவிட்டது. ஊரீசு கல்லூரி அந்தச் சாலையில்தான் இருக்கிறது. பின்னாளில் குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் அங்கே படித்தவர். மண்டித் தெருவும் நேதாஜி மார்க்கெட்டும் விடியற்காலையிலேயே விழித்துக்கொள்ளும் பகுதிகள்.

அந்தப் பகுதியில் நான் எல்லோருக்கும் காட்ட விரும்புவது லாங்கு பஜார் மணிக்கூண்டில் பதித்திருக்கும் சலவைக்கல் பலகையை. முதல் உலகப்போருக்கு "இந்தக் கிராமத்திலிருந்து" 277 பேர் சென்றார்கள், அவர்களில் 14 பேர் உயிர் துறந்தார்கள் என்று ஆங்கிலத்தில் அதில் பொறித்திருக்கிறது. பெயர்கள் இல்லை, எண்ணிக்கை மட்டுமே. 1866லேயே நகராட்சியான ஊரைக் கிராமம் என்று எழுதக் காரணம், அன்றைய அரசு ஊர்தோறும் ஒரே வாசகத்தை வைத்து எண்ணை மட்டும் மாற்றி இப்படிப் பலகைகள் பதித்ததுதான். கீழே காய்கறி மூட்டை இறக்குகிறவர்களுக்கும் பேரம் பேசுகிறவர்களுக்கும் நடுவில் நின்று அதைப் படிக்கும்போதெல்லாம், அந்தப் பதினான்கு பேரும் எந்தத் தெருப் பிள்ளைகளோ என்ற எண்ணம் எனக்கு வராமல் இருந்ததில்லை.

சி.எம்.சி. என்னும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். அதனால் சுருக்கமாக ஒன்று. அதை நிறுவியவரும், அதன் வாசலில் ஓடும் சாலைக்குப் பெயர் தந்தவருமான மருத்துவர் ஐடா ஸ்கடர் பிறந்தது இராணிப்பேட்டையில். 1900இல் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய அவருடைய பணிக்கு 1902இல் கிடைத்த முதல் மருத்துவமனைக் கட்டடம்தான், இன்று ஆரணி சாலையில் ஷெல் கண் மருத்துவமனையாக நாம் அறிந்த இடம். சி.எம்.சி.க்கு எதிர்ப்புறம் பாபுராவ் தெருவுக்குள் நுழைந்தால் விடுதிப் பலகைகளில் தமிழோடு வங்காளமும் இந்தியும் இருக்கும். தொலைவிலிருந்து வரும் நோயாளிகளின் குடும்பங்கள் அங்கே வாடகைக்கு அறை எடுத்து, தாங்களே சமைத்து, வாரக்கணக்கில் தங்குவதால் அந்தத் தெருவின் மளிகைக் கடைகளில் கடுகெண்ணெய் தவறாமல் கிடைக்கும்.

தொரப்பாடி மத்திய சிறையையும் விட்டுவிட முடியாது. 1921-22இல் ராஜாஜி இங்கே கைதியாக இருந்தபோது நாட்குறிப்பு எழுதினார். காமராசர் விருதுநகர் நகராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட செய்தி 1941இல் அவரை எட்டியதும் இந்தச் சிறைக்குள்தான். விடுதலையாகி ஊருக்குப் போனவர், அந்தப் பதவியை உடனே துறந்துவிட்டார்.

நேரில் பார்க்க வருகிறவர்கள் வெள்ளிக்கிழமையைத் தவிர்ப்பது நல்லது. கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. காலையில் முத்து மண்டபம், வெயில் ஏறுவதற்குள் கோட்டையும் கோயிலும், மாலையில் லாங்கு பஜார் என்று வைத்துக்கொண்டால் ஒரே நாளில் பார்த்துவிடலாம். மணிக்கூண்டுப் பலகையைப் படிப்பதற்குக் கடைகள் அடைத்திருக்கும் வேளையே வசதி.