அல்சருக்குத் தந்த சுக்ரல்பேட் குளிசையை மற்றக் குளிசைகளோடு சேர்த்துப் போடலாமா?

சேர்த்துப் போடக் கூடாது. மேலே வாசிக்க நேரமில்லை என்றால் இதோடு நிறுத்திவிட்டு, உங்கள் மற்ற மருந்துகளின் பெயரை, இதை எழுதித் தந்த டொக்டரிடமோ பாமசியிலோ காட்டிக் கேளுங்கள்.

நீங்கள் கேட்டிருக்கிற விதத்தைப் பார்த்தால் வீட்டில் வயதான ஒருவருக்காகத்தான் கேட்கிறீர்கள் போல. பிரஷர், சீனி, தைரொய்ட் என்று ஏற்கெனவே ஒரு பெட்டி நிறையக் குளிசை இருக்கும், அதற்கு மேல் இது வேறு. எங்கள் வீட்டிலும் அதே கதைதான். நான் டொக்டர் இல்லை, பாமசிஸ்டும் இல்லை, கந்தோரில் ஃபைல் பார்க்கிறவள். "உனக்கு என்ன தெரியும்" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: அம்மாவுக்கு நடந்ததும், குளிசைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் அச்சடித்திருந்ததும் தெரியும். அந்தத் தாளை நாங்கள் எல்லோரும் பிரிக்காமலே குப்பையில் போடுகிறோம்.

அம்மா உவர்மலையில் இருக்கிறார். கோணேசர் கோயிலுக்கு ஏற முழங்கால் விடாது என்பதால் நோவுக் குளிசை போட்டுப் பழகியவர். டிக்ளோபெனாக். அதுவும் வெள்ளிக்கிழமை விரதத்தில் வெறும் வயிற்றில். கடைசியில் வயிற்றெரிவு தாங்காமல் கமரா விட்டுப் பார்த்தபோது புண் இருந்தது. கிருமி இருக்கிறதா என்றும் பார்த்தார்கள், இல்லை. கனடாவிலிருந்து பெரியம்மா வீடியோவில் வந்து, "எல்லாம் நீ தின்ற உறைப்புத்தான், பால் குடி" என்றார். பால் கொஞ்ச நேரம் ஆற்றும், பிறகு அமிலம் இன்னும் சுரக்கும். அல்சருக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் என்ற கிருமி அல்லது இந்த மாதிரி நோவுக் குளிசைகள். அந்தக் கிருமியைக் கண்டுபிடித்ததற்கு 2005-இல் நோபல் பரிசே கொடுத்தாயிற்று, பெரியம்மாவுக்கு மட்டும் இன்னும் தகவல் போகவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நோவுக் குளிசையை நிறுத்தி சுக்ரல்பேட் எழுதினார்கள். அம்மாவுக்குப் பல வருடமாகத் தைரொய்டுக்குத் தரும் தைரொக்சினும் உண்டு. விடியற்காலையில் வெறும் வயிற்றில் போடும் குளிசை. இதுவும் வெறும் வயிற்றில் என்றதும் அம்மா இரண்டையும் ஒரே உள்ளங்கையில் வைத்து ஒரே மிடறில் விழுங்கத் தொடங்கினார். கேட்டதற்கு, "எல்லாம் ஒரே வயித்துக்குள்ளதானே பிள்ளை போகுது" என்றார். அதற்கு மறுமொழி சொல்வது அவ்வளவு லேசில்லை.

பிறகு கிளினிக்கில் இரத்தம் எடுத்துப் பார்த்தால், தைரொக்சின் போதாவிட்டால் கூடுகிற டிஎஸ்எச் என்ற அளவு 11. பொதுவாக நாலுக்குள் நிற்க வேண்டியது. "அம்மா, குளிசையை ஒழுங்காப் போடுறதில்லையா?" என்று ஏச்சு. ஒரு நாளும் தவறவிடாத மனுஷிக்கு! தைரொக்சின் அளவை 50 மைக்ரோகிராமிலிருந்து 75 ஆக்கி அனுப்பிவிட்டார்கள். வரும் வழியெல்லாம் அம்மா கதைக்கவேயில்லை. எனக்குத்தான் மனது கேட்கவில்லை. புதிதாக வந்தது சுக்ரல்பேட் ஒன்றுதானே என்று அன்றிரவு அந்தத் தாளை எடுத்து வாசித்தேன்.

இந்தக் குளிசை அமிலத்தைக் குறைப்பதில்லை. வயிற்று அமிலத்தில் பட்டதும் பசையாகி, சைக்கிள் ரியூப்புக்கு ஒட்டுப் போடுவதுபோல் புண்ணின்மேல் ஒட்டிக்கொள்கிறது. சாப்பாட்டோடு போட்டால் சாப்பாட்டில் ஒட்டிக்கொள்ளும், அதனால்தான் சாப்பிட ஒரு மணித்தியாலம் முன்பு. அதே பசை பக்கத்தில் இருக்கும் மருந்தையும் பிடித்துக்கொள்ளும். தைரொக்சின், இருதயத்துக்குத் தரும் டிகொக்சின், வலிப்புக்குத் தரும் பெனிடோயின், இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்பரின், சிப்ரோபுளொக்சசின் போன்ற அன்டிபயோட்டிக் எல்லாம் உடம்பில் ஊறாமலே வெளியே போய்விடலாம். பொதுவாக இரண்டு மணித்தியாலம் இடைவெளி சொல்வார்கள், தைரொக்சினுக்கு நாலு. வயிற்றெரிவுக்குக் குடிக்கும் அன்டாசிட் பாணியும் அரை மணித்தியாலம் தள்ளித்தான்.

அம்மாவுக்கு இரண்டு கிளினிக், இரண்டு கொப்பி. இந்தக் கொப்பியை அவர் பார்ப்பதில்லை, அந்தக் கொப்பியை இவர் பார்ப்பதில்லை. இரண்டையும் ஒரு ரப்பர் பாண்டால் சேர்த்துக் கட்டிக் கொண்டுபோய் டொக்டரின் மேசையில் வைத்தேன். அவர் நல்லவர், ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நேரத்தை மாற்றி எழுதினார்: விடிய எழும்பியதும் தைரொக்சின், சுக்ரல்பேட் மத்தியானச் சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்பும் இரவு படுக்கும்போதும். அளவும் பழையபடி 50. ஆறு கிழமை கழித்துப் பார்த்தபோது டிஎஸ்எச் இறங்கியிருந்தது. ஏசினவர்கள் யாரும் அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பது வேறு கதை.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் எனக்கு ஆறாது. குளிசை போட்டுத் தருகிற அந்தச் சின்னக் கடதாசி உறையில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இரண்டு கீறல். அம்மா தமிழ் மட்டும் வாசிப்பவர். திருகோணமலையில், தமிழும் அரசகரும மொழியாக இருக்கிற நாட்டில், "சாப்பிட முதல்" என்று இரண்டு சொல் எழுத எவ்வளவு மை செலவாகும்? பஸ் போர்டில் மூன்று மொழியும் இருக்கிறது, உயிர்காக்கும் மருந்தில் இல்லை. இதைச் சொன்னால் அரசியல் கதைக்கிறேன் என்பார்கள். சொல்லட்டும். இப்போது ஒவ்வொரு உறையிலும் நானே தடித்த பேனாவால் எழுதி வைக்கிறேன்.

உங்களுக்கு மிச்சமாகச் சொல்ல இருப்பது கொஞ்சம்தான். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள், இந்தக் குளிசையில் அலுமினியம் இருக்கிறது, அது உடம்பில் தங்கிவிடும். மலச்சிக்கல் வரும், அம்மாவுக்கும் வந்தது, பப்பாசிப்பழத்தோடு சமாளித்தோம். வழமையாக நாலிலிருந்து எட்டுக் கிழமை வரை தருவார்கள். நோ நின்றதும் நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், பழைய துண்டைக் காட்டித் திரும்பத் திரும்ப வாங்கவும் வேண்டாம். மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலோ, வாந்தியில் இரத்தம் வந்தாலோ குளிசையைப் பற்றி யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். இரும்புச்சத்துக் குளிசையாலும் கறுப்பாகப் போகும்தான், ஆனால் அதை வீட்டில் இருந்து ஊகிக்க வேண்டாம்.

குளிசை பெரிது, விழுங்கக் கஷ்டம் என்றால் கொஞ்சத் தண்ணீரில் கரையவிட்டுக் குடிக்கலாம். அம்மா அப்படித்தான் குடிக்கிறார், வாயெல்லாம் மாப் பிடிக்கிறது என்று தினமும் என்னை ஏசிக்கொண்டு.