மயில்துத்தமா, சுண்ணாம்பா: எது முதலில் தீரும்?

கேள்வி: வெற்றிலைக் கொடிக்காலில் வாடல் நோய்க்கு வேரடியில் ஊற்ற அப்பா 0.25 சதவீத போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லி தயாரிக்கிறார். 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் (தாமிர சல்பேட்) 250 கிராம், சுட்ட சுண்ணாம்பு 250 கிராம். எடை சமம் என்பதால் இரண்டும் ஒன்றாகத் தீர்ந்துவிடும்தானே? இதில் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி, அதாவது முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருள், எது?
– பிளஸ் ஒன் மாணவி, பாபநாசம் வட்டம்

பதில்: ஒன்றாகத் தீராது. வினைக்கு எடை கணக்கில்லை, மோல்தான் (துகள்களின் எண்ணிக்கையை அளக்கும் அலகு) கணக்கு. மயில்துத்தப் படிகத்தின் மோலார் நிறை, அதாவது ஒரு மோலின் எடை, 249.7 கிராம், ஆக 250 கிராம் என்பது கிட்டத்தட்ட 1 மோல். சுட்ட சுண்ணாம்புக்கு 56 கிராம். 250-ஐ 56-ஆல் வகுத்தால் 4.46 மோல். எளிமையாக எழுதினால் இது ஒன்றுக்கு ஒன்று என்ற வினை. 1 மோல் மயில்துத்தத்துக்கு 56 கிராம் சுண்ணாம்பு போதும். எனவே முதலில் தீருவது மயில்துத்தம். அதுதான் கட்டுப்பாட்டுக் காரணி.

பிறகு ஏன் இவ்வளவு சுண்ணாம்பு? மயில்துத்தம் தீர்ந்தே ஆகவேண்டும் என்பதற்காக. வினைபுரியாத தாமிரம் கரைசலில் மிஞ்சினால் இலை, தளிர் எல்லாம் கருகும், வேரும் கெடும். சுண்ணாம்பு மிஞ்சினால் அந்த ஆபத்து இல்லை.

சிக்கல் பழைய சுண்ணாம்பில்தான். திறந்த மூட்டையில் கிடந்தால் காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக் கால்சியம் கார்பனேட் ஆகிவிடும். தராசில் 250 கிராம் காட்டும்; வேலை செய்யும் சுண்ணாம்பு 40 கிராம்தான் இருக்கிறது என்று வையுங்கள். 40-ஐ 56-ஆல் வகுத்தால் 0.71 மோல். இப்போது கட்டுப்பாட்டுக் காரணி சுண்ணாம்பு. சுமார் 71 கிராம் மயில்துத்தம் வினைபுரியாமல் நிற்கும்.

இதைக் கொடிக்காலிலேயே கண்டுபிடிக்கலாம். நன்றாகத் தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையில் சில நிமிடம் முக்கி எடுங்கள். எவர்சில்வர் கத்தி உதவாது. அலகில் செம்பு நிறம் படிந்தால் தாமிரம் மிஞ்சியிருக்கிறது; சுண்ணாம்புப் பாலை வடிகட்டிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, நிறம் படிவது நிற்கும் வரை சோதியுங்கள். இதே காரணத்தால்தான் கலவையை இரும்பு வாளியில் போடக்கூடாது. பிளாஸ்டிக் டிரம்தான் சரி. மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தனித்தனியாக 50 லிட்டரில் கரைத்து, மயில்துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் கலக்கியபடி ஊற்றவேண்டும். அன்றே பயன்படுத்திவிடுங்கள்.

கேள்வி: அப்படியானால் மோல் எது குறைவோ அதுதான் கட்டுப்பாட்டுக் காரணியா?
– அதே வாசகி

பதில்: எப்போதும் இல்லை. தேர்வில் பலர் மதிப்பெண் இழப்பது இங்கேதான். யூரியா தயாரிப்பில் 2 மோல் அம்மோனியாவுக்கு 1 மோல் கார்பன் டை ஆக்சைடு. கையில் 51 கிராம் அம்மோனியாவும் 88 கிராம் கார்பன் டை ஆக்சைடும் இருந்தால் முறையே 3 மோல், 2 மோல். குறைவு இரண்டாவதுதான், ஆனாலும் ஒவ்வொன்றையும் சமன்பாட்டில் அதன் முன் நிற்கும் எண்ணால் வகுங்கள். அம்மோனியாவுக்கு 1.5, கார்பன் டை ஆக்சைடுக்கு 2. சிறியது எதுவோ அதுவே காரணி, இங்கே அம்மோனியா. கிடைக்கும் யூரியா 1.5 மோல், அதாவது 90 கிராம். கார்பன் டை ஆக்சைடில் 22 கிராம் மிஞ்சும்.